சென்ற ஆண்டின் கடைசித் தரவரிசையை வைத்து இந்த ஆண்டு எம்.பி.பி.எஸ். விருப்பப் பட்டியலை எழுதலாமா?

மன்னை_தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு, அதாவது 2025 நீட் தேர்வில், 512 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். நாங்கள் பிற்படுத்தப்பட்டோர் பிரிவைச் சேர்ந்தவர்கள். அவள் படித்தது தனியார் பள்ளி என்பதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு கிடையாது. மாநிலத் தரவரிசைப் பட்டியலில் பொதுத் தரவரிசை மூவாயிரத்தை ஒட்டியும், எங்கள் பிரிவினருக்குள்ளான சமூகத் தரவரிசை ஆயிரத்து ஐந்நூற்றைச் சற்றே தாண்டியும் வந்திருக்கிறது.

விருப்பக் கல்லூரிகளைப் பதிவு செய்ய இன்னும் நான்கு நாள்களே உள்ளன. சென்ற ஆண்டின் ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பிரின்ட் எடுத்து, 512 என்ற எண்ணைத் தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது. அரசுக் கல்லூரி மட்டுமன்று, தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டில்கூட எங்கள் பிரிவில் அந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை. என் மைத்துனர், "சென்னைக் கல்லூரிகளை எழுதி வாய்ப்பை வீணாக்காதே, கிடைக்கக்கூடிய ஒன்றை முதலில் போடு" என்கிறார். ஒரு கன்சல்டன்சிக்காரர் பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்தால் பட்டியலைத் தானே தயாரித்துத் தருவதாகச் சொல்கிறார். மகளோ சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியை முதலில் எழுதுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

எண்_கணக்கன்

ஐயா, முதலில் அந்த பிரின்டை மடித்து வைத்துவிட்டு நிம்மதியாக ஒரு காபி குடியுங்கள். நீங்கள் தேட வேண்டிய எண் 512 அன்று.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவன்; மூன்று ஆண்டுகளாக உறவினர் பிள்ளைகளுக்காக இந்தப் பட்டியல்களோடு மல்லுக்கட்டி வருகிறேன். 2024ஆம் ஆண்டு நீட் தேர்வில் மதிப்பெண்கள் வீங்கிக் கிடந்தன. முதலில் 67 பேர் 720க்கு 720 பெற்றதாக அறிவிக்கப்பட்டு, திருத்திய முடிவில் அது 17 பேராகக் குறைந்த கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ஆண்டு 600 மதிப்பெண் பெற்ற ஒருவருக்கு அகில இந்தியத் தரவரிசை எண்பதாயிரத்தை ஒட்டி இருந்தது. 2025இல் இயற்பியல் வினாக்கள் பிள்ளைகளை உலுக்கி எடுத்ததில் முதலிடம் பெற்றவரே 686தான் எடுத்தார். 650க்கு மேல் எடுத்தவர்கள் நாடு முழுவதும் 73 பேர், 601 முதல் 650 வரை எடுத்தவர்கள் 1,259 பேர். அதாவது சென்ற ஆண்டு எண்பதாயிரம் பேரோடு நின்ற ஒரு மதிப்பெண், இந்த ஆண்டு ஆயிரத்துச் சொச்சம் பேரோடு நிற்கிறது. அப்படியிருக்க, 512ஐ சென்ற ஆண்டுப் பட்டியலில் தேடுவது, பழைய படியில் அளந்த நெல்லைப் புதுப் படியின் கணக்கில் எழுதுவது போன்றது.

ஒப்பிடத்தக்கது தரவரிசை மட்டுமே. அதிலும் உங்களுக்கு வேண்டியது சமூகத் தரவரிசை. வினாத்தாள் கடினமானாலும் எளிதானாலும் உங்கள் மகளுக்கு முன்னால் அந்தப் பிரிவில் நிற்பவர்கள் இத்தனை பேர் என்பது மாறாத செய்தி.

ஒரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடுகிறேன். "பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) பிரிவுக்கு 26.5 விழுக்காடுதானே, அந்த இடங்களை எண்ணிப் பார்த்தால் என் பெண்ணின் எண் வெளியே போய்விடுகிறதே" என்று பலர் பயப்படுகிறார்கள். நூறு இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றுள் பொதுப் போட்டிக்கு 31, பி.சி. பிரிவுக்கு ஏறக்குறைய 26. பொதுப் போட்டியில் எல்லாப் பிரிவினரும் உண்டு. அந்த 31இல் 15 இடங்களை பி.சி. மாணவர்களே தங்கள் பொதுத் தரவரிசையால் பெற்றுவிட்டால், பி.சி. வரிசையில் 16ஆவது முதல் 41ஆவது வரை இருப்பவர்களே அந்த 26 இடங்களுக்கு உரியவர்கள் ஆகிறார்கள். இதற்கு மேல், முன்வரிசையில் இருப்பவர்களில் சிலர் ஜிப்மருக்கும் எய்ம்ஸுக்கும், மாநில அரசுக் கல்லூரிகள் மத்தியத் தொகுப்புக்குத் தரும் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கும் போய்விடுவதால் வரிசை இன்னும் கீழே இறங்கும். எனவே இடங்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாமல், சென்ற ஆண்டுகளில் பி.சி. வரிசையில் கடைசியாக இடம் பெற்றவரின் எண்ணைப் பாருங்கள்.

மன்னை_தந்தை

மிக்க நன்றி ஐயா. நேற்றிரவு மகளும் நானும் உட்கார்ந்து பட்டியல்களை எக்ஸலில் ஏற்றி, கல்லூரி வாரியாக பி.சி. பிரிவின் கடைசிச் சமூகத் தரவரிசையை எடுத்தோம். பெண்ணின் எண், அரசுக் கல்லூரி வரம்புக்குள் வருவது போலத் தெரிகிறது. நான்கு நாள்களுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம். ஆயினும் ஒரு கல்லூரியில் கடைசி எண் திடீரென்று பல ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது. அது எப்படி என்று விளங்கவில்லை.

எண்_கணக்கன்

அந்த வரியின் ஒதுக்கீட்டு வகை என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் 7.5 விழுக்காட்டு அரசுப் பள்ளி ஒதுக்கீடாகவோ மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் பிள்ளைகள் ஆகியோருக்கான சிறப்பு ஒதுக்கீடாகவோ இருக்கும். அவற்றுக்கு வரிசை தனி. அவற்றை நீக்காமல் கடைசி எண்ணை எடுத்தால், கிடைக்காத கல்லூரி கிடைக்கும் போலத் தோன்றும்.

சுற்றுகளையும் கலந்துவிடாதீர்கள். முதல் சுற்றின் கடைசி எண் ஒன்றாகவும், எல்லாச் சுற்றுகளும் முடிந்த பின் கடைசி எண் வேறாகவும் இருக்கும். இணையத்தில் உலவும் அட்டவணைகளில் பாதி, எந்தச் சுற்றுக்கு உரியவை என்று சொல்வதே இல்லை.

மதுரை_தாய்

ஐயா, உங்கள் மைத்துனர் சொன்னதை நாங்கள் 2023இல் அப்படியே செய்தோம், அதனால் எழுதுகிறேன்.

என் மகனுடைய எண்ணுக்கு முந்தைய ஆண்டு கடைசியாகக் கிடைத்த கல்லூரி எது என்று பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே உள்ள ஒன்றை, கண்டிப்பாகக் கிடைக்கட்டும் என்று முதலிடத்தில் எழுதினோம். அவன் விரும்பிய கல்லூரி ஏழாவது இடத்தில் இருந்தது. "பெரிய கல்லூரியை மேலே போட்டால், அது கிடைக்காதபோது கீழே உள்ளதும் போய்விடும்" என்று எங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொன்னவர் உறுதியாகச் சொன்னார். ஒதுக்கீடு வந்த அன்று, நாங்கள் முதலில் எழுதிய கல்லூரியே கிடைத்தது. பாயசம் வைத்து முடிப்பதற்குள், அவனைவிட வரிசையில் நாற்பது இடம் பின்னால் இருந்த, அதே பிரிவைச் சேர்ந்த, அதே பள்ளியில் படித்த பையனுக்கு, என் மகன் ஏழாவதாக எழுதிய கல்லூரி கிடைத்ததாகத் தொலைபேசி வந்தது. இரண்டாம் சுற்றில் முயன்றோம். அந்தக் கல்லூரியில் எங்கள் பிரிவில் இடம் எழவே இல்லை.

மகன் நன்றாகத்தான் படிக்கிறான். ஆனால் அன்று அவன் ஒரு வார்த்தை பேசாமல் மாடிக்குப் போன விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கணினி எங்களை ஏமாற்றவில்லை. நாங்கள் கேட்டதைக் கொடுத்தது.

பழைய_கட்ஆஃப்

என் மூத்த மகள் 2011இல் பிளஸ் டூ மதிப்பெண்ணில் மருத்துவம் சேர்ந்தவள். அப்போது உயிரியலுக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். நேரில் சென்று, எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மீதி என்று திரையில் பார்த்து, அந்த நிமிடமே முடிவைச் சொல்ல வேண்டும். அங்கே மீதமிருப்பதில்தானே தேர்ந்தெடுக்க முடியும்? ஆகவே முன்கூட்டியே எண்களைப் பார்த்துத் தயாராகச் செல்வதில் பொருள் இருந்தது. இப்போது மதுரை அம்மா சொல்வதைப் பார்த்தால் வரிசையை எண்களை வைத்து எழுதவே கூடாது போலிருக்கிறது. அப்படியானால் இத்தனை பட்டியலையும் எக்ஸலில் ஏற்றுவது எதற்கு? மேலும், செய்தித்தாளில் கட்-ஆஃப் 144 என்று போட்டிருந்தார்களே, 512 எடுத்த பெண்ணுக்கு என்ன கவலை?

எண்_கணக்கன்

பெரியவர் இரண்டு நல்ல கேள்விகளைக் கேட்டிருக்கிறார்.

பின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். 144 என்பது பொதுப் பிரிவினருக்கான தகுதி மதிப்பெண். மற்றப் பிரிவினருக்கு அது 113. இந்த ஆண்டு நாடு முழுவதும் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தகுதியைப் பெற்றுள்ளனர். அது கலந்தாய்வுக்குள் நுழையும் வாசல். உள்ளே நாற்காலி இருக்கிறதா என்பதை அது சொல்லாது. ஒரே "கட்-ஆஃப்" என்ற சொல்லால் இரண்டையும் குறிப்பதால் வந்த வினை இது.

இனி வரிசை. இணையவழி ஒதுக்கீட்டில் மென்பொருள் தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்துக்கொள்கிறது. உங்கள் மகளின் முறை வரும்போது, அவள் எழுதிய முதல் கல்லூரியில் அவளுக்கு உரிய இடம் இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. அவள் முறை முடியும்வரை அவளுக்குப் பின்னால் இருப்பவர் எவரும் உள்ளே வர முடியாது. ஆகையால் ஸ்டான்லியை முதலில் எழுதி அது கிடைக்காமல் போனால் இழப்பு எதுவும் இல்லை. பத்தாவதாக எழுதிய கல்லூரி, அதை முதலாவதாக எழுதியிருந்தால் எப்படிக் கிடைத்திருக்குமோ அப்படியே கிடைக்கும். நேரில் நடந்த கலந்தாய்வில் திரையைப் பார்த்து நீங்கள் செய்த வேலையை இப்போது மென்பொருள் உங்கள் பட்டியலைப் பார்த்துச் செய்கிறது. அதனால் உங்கள் உண்மையான விருப்பம் அதற்குத் தெரிந்தாக வேண்டும். வரிசையைத் தீர்மானிக்க வேண்டியது மனம்.

பட்டியல் எங்கே முடிய வேண்டும் என்பதைத்தான் எண்கள் சொல்லும். உங்கள் மகள் அரசுக் கல்லூரி வரம்பின் நடுவில் நிற்கிறாளா, விளிம்பில் நிற்கிறாளா? விளிம்பில் என்றால் எல்லா அரசுக் கல்லூரிகளையும் ஒன்று விடாமல் எழுதிவிட்டு, அதற்குக் கீழே தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களையும் எழுத வேண்டும்; அந்தக் கட்டணத்துக்கு வழி இருக்கிறதா என்பதை இப்போதே வீட்டில் பேச வேண்டும். அகில இந்தியக் கலந்தாய்வில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குப் பதிவு செய்வதா வேண்டாமா என்பதும் இந்தக் கணக்கில்தான் தெளியும். அதற்கு வைப்புத்தொகையே இரண்டு இலட்சம்; நம் மாநிலத்தில் பல நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் ஆண்டுக் கட்டணம் இருபது இலட்சத்தைத் தாண்டுகிறது. மாறாக, அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும் என்றால் வைப்புத்தொகை பத்தாயிரம், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு ஐயாயிரம். இரண்டு இலட்சத்தை வட்டிக்கு வாங்கிக் கட்டத் துணிபவர்கள், அதற்கு முன் ஒரு மாலை நேரத்தை எக்ஸலோடு செலவிடலாம்.

எத்தனை ஆண்டுகளைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். மூன்று ஆண்டுகள் போதும். ஒரே ஆண்டை மட்டும் பார்ப்பது ஆபத்து. ஒவ்வொரு கல்லூரிக்கும் மூன்று கடைசி எண்கள் கிடைக்கும். உங்கள் எண் மூன்றுக்கும் உள்ளே இருந்தால் பெரும்பாலும் கிடைக்கும். மூன்றுக்கும் வெளியே என்றால் கடினம். இடையில் என்றால் எவராலும் உறுதி சொல்ல முடியாது, பதினைந்தாயிரம் வாங்குபவராலும் முடியாது. மிகப் பழைய பட்டியல்களை விட்டுவிடுங்கள். விருதுநகர், நாமக்கல், நாகப்பட்டினம், அரியலூர் உள்ளிட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டு ஒரே மூச்சில் 1,450 இடங்கள் கூடின. அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரம்பாத இடங்கள் முன்பு மாநிலத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தன. 2021–22 சேர்க்கையிலிருந்து அதுவும் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய எண்கள் வேறொரு உலகத்து எண்கள்.

வார்டு_மருத்துவர்

இருபது ஆண்டுகளாக அரசுப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சில சொற்கள்.

கடைசித் தரவரிசை, ஒரு கல்லூரியின் தரத்தை அளக்கும் கருவி அன்று. சென்ற ஆண்டு பிள்ளைகளும் பெற்றோரும் எதை விரும்பினார்கள் என்பதன் பதிவு மட்டுமே. சென்னைக் கல்லூரிகள் விரைவில் நிரம்புவதற்கு 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியின் பெருமையும் ஒரு காரணம். ஆனால் மெட்ரோ ரயிலும், பிற்பாடு மேற்படிப்புக்குப் பயிற்சி மையங்கள் பக்கத்தில் இருப்பதும், சித்தி வீடு அண்ணா நகரில் இருப்பதும்கூடக் காரணங்களே. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்து அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் வரிசை எழுதுகிறார்கள்; அதனால் அதே வரிசை மறுபடி உண்டாகிறது. கூட்டம் கூட்டத்தைப் பார்த்து நடக்கிறது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தது தென்மாவட்டத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில். ஒரு மழை இரவில் பிரசவ வார்டில் மூன்று மேசைகளும் நிறைந்திருந்தன; உதவிப் பேராசிரியர் ஒரு சிசேரியனில் இருந்தார். அனுபவமிக்க செவிலியர் ஒருவர் என் முழங்கையைத் தொட்டு, "தம்பி, கையை அவசரமாக எடுக்காதீர்கள், தோள் தானாகத் திரும்பும்" என்று சொல்லச் சொல்ல நான் பிரசவம் பார்த்தேன். சென்னையில் படித்த என் நண்பர்கள், மேற்படிப்பு மாணவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள். இப்படிச் சொல்வதால் பெரிய கல்லூரிகள் வேண்டாம் என்று பொருளில்லை; அரிய நோய்களையும் பெரிய பேராசிரியர்களையும் அங்கேதான் பார்க்க முடியும். என்ன கேட்பது என்று தெரிந்து கேளுங்கள் என்கிறேன்: உள்நோயாளிகள் எத்தனை பேர், விடுதி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறதா, மருத்துவமனையும் கல்லூரியும் ஒரே இடத்திலா, பேருந்தில் போக வேண்டுமா. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்துப் பத்து நிமிடம் பேசினால் எந்த அட்டவணையும் சொல்லாததைச் சொல்லிவிடுவார்.

தெற்குத்தெரு

மருத்துவர் ஐயா சொல்வது கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் புதிய கல்லூரிகளில் மூத்த பேராசிரியர்கள் குறைவு என்று பிள்ளைகள் சொல்கிறார்களே. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வார்டு_மருத்துவர்

தாராளமாகச் சேருங்கள். அது கேட்டறிய வேண்டிய செய்தியே தவிர, கடைசித் தரவரிசையிலிருந்து ஊகிக்க வேண்டிய செய்தி அன்று என்பதுதான் என் வாதம்.

யாழ்_வாசகர்

எங்கள் பக்கத்திலும் இதே பிரச்சினை வேறு உருவில் உண்டு. இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைக் (பாடத்தின் சராசரியோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் புள்ளி) கொண்டு அனுமதி நடைபெறுகிறது; 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாவட்ட வாரியாக வெட்டுப்புள்ளிகளை வெளியிடும்போது, யாழ்ப்பாண மாவட்டத்து மாணவர் முல்லைத்தீவின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மகிழ்ந்து பயனில்லை. தன் வரிசை எது என்று அறியாமல் எண்ணைப் பார்ப்பது எங்கும் ஒரே தவறுதான். ஒன்றை மட்டும் கூறலாம்: இசட் புள்ளி, வினாத்தாளின் கடினத்தைச் சமன்செய்வதற்கென்றே கொண்டுவரப்பட்டது. உங்கள் 512 குழப்பம் எங்களுக்கு அந்த அளவில் இல்லை.

வேலூர்க்காரி

ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) போன்ற சிறுபான்மைக் கல்லூரிகளின் எண்களை மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். அங்கே கணிசமான இடங்கள் திருச்சபைகளின் பரிந்துரை பெற்றவர்களுக்கு உரியவை. அந்த வரிகளைப் பார்த்து, "இவ்வளவு பின்னால் இருப்பவருக்கும் சி.எம்.சி. கிடைத்திருக்கிறதே" என்று என் தோழி ஒருத்தி அதை மட்டும் நம்பி இருந்துவிட்டாள்.

மன்னை_தந்தை

அனைவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். கன்சல்டன்சிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகள் ஸ்டான்லியை முதலிலும், சென்னை மருத்துவக் கல்லூரியை இரண்டாவதாகவும் எழுதினாள். ஏன் அப்படி என்று நான் கேட்கவில்லை. அதன்பின் தஞ்சாவூரை, மற்றச் சென்னைக் கல்லூரிகளுக்கும் மேலே வைத்தாள். எல்லா அரசுக் கல்லூரிகளும் முடிந்த பிறகு, எங்களால் கட்டணம் கட்ட முடிந்த நான்கு தனியார் கல்லூரிகள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குப் பதிவு செய்யவில்லை. மைத்துனர் இன்னும் கோபமாக இருக்கிறார்.

மன்னை_தந்தை

முதல் சுற்று ஒதுக்கீடு வந்துவிட்டது. அவள் பத்தொன்பதாவதாக எழுதியிருந்த அரசுக் கல்லூரி கிடைத்திருக்கிறது. எங்கள் அட்டவணையில் "இடையில்" என்று மஞ்சள் பூசி வைத்திருந்த ஐந்து கல்லூரிகளில் அது ஒன்று. மற்ற நான்கும் கிடைக்கவில்லை. இப்போது இரண்டாம் சுற்றில் மேம்படுத்திக்கொள்ள விருப்பம் தெரிவிப்பதா என்று கேட்கிறார்கள். மேலே பதினெட்டு கல்லூரிகள் உள்ளன. என்ன செய்யலாம்?

எண்_கணக்கன்

வாழ்த்துகள் ஐயா. மேலே உள்ள ஏதேனும் ஒன்று கிடைத்துவிட்டால் இப்போதைய இடம் அப்போதே வேறொருவருக்குப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கல்லூரியாகச் சொல்லி, "நாளைக் காலை பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கிருந்து அங்கே போவாயா" என்று மகளைக் கேளுங்கள். ஆம் என்று சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு விருப்பம் தெரிவியுங்கள்.

மன்னை_தந்தை

கேட்டேன். விடுதியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு பதில் சொல்கிறேன் என்றாள். நேற்று அழைத்துச் சென்றோம். இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி அவளை எங்கேயோ கூட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து விட்டாள். இரவு பட்டியலைத் திறந்து பதினெட்டில் பதினைந்தை நீக்கினாள். ஸ்டான்லி, சென்னை, தஞ்சாவூர் ஆகிய மூன்று மட்டும் மீதி இருக்கின்றன.